பாசியில் எண்ணெய்: பாக்டீரியா செய்யும் பங்கு

குளத்திலும் மீன் பண்ணையிலும் தண்ணீர் பச்சையாக நிற்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். ஒரே ஒரு உயிரணுவால் ஆன இந்தச் சிறு தாவரங்களின் உடலில் எண்ணெய் இருக்கிறது. உலர்ந்த எடையில் சாதாரணமாக ஐந்தில் ஒரு பங்கும், சில இனங்களில் பாதி வரையும் எண்ணெய் சேருவதுண்டு. அதைப் பிரித்து டீசலுக்குப் பதிலாக எரிக்க முடியும் என்பதால் பல நாடுகளில் பாசி வளர்ப்பு ஆராய்ச்சி நடந்து வருகிறது.

பாசி தனியாக வளருவதில்லை. அதைச் சுற்றி எப்போதும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் சில பாசிக்கு உணவும் ஊக்கமும் தருகின்றன. சில அதைக் கொன்று தின்கின்றன. பாசி எண்ணெய்த் திட்டம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தப் பாக்டீரியாக்களைப் பொறுத்தது. அவற்றுள் சில நமது விவசாயிகள் பொட்டலமாக வாங்கி வயலில் இடுபவையே என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே விஞ்ஞானி கண்ட நுண்ணுயிர்கள்

ஹாலந்து நாட்டு விஞ்ஞானி மார்ட்டினஸ் பெயரிங்க் 1888-ல் பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். அதுவே இன்று ரைசோபியம் எனப்படுகிறது. 1890-ல் அவரே குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். 1901-ல் அசோடோபாக்டரை விவரித்தார். ஓய்வு பெற்ற பின், 1925-ல், சுருள் வடிவமான மற்றொரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். அதற்கு அசோஸ்பைரில்லம் என்ற பெயர் 1978-ல் சூட்டப்பட்டது.

இந்த நான்கில் மூன்று இன்று உயிர் உரமாக விற்பனைக்கு வருகின்றன. நான்காவதான குளோரெல்லா, பாசி எண்ணெய் ஆராய்ச்சியில் முக்கியமான இனமாக விளங்குகிறது. ஒரே மனிதர் கண்ட பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பின்னால் வந்தவர்கள்தான் சோதித்துப் பார்த்தனர்.

பாசிக்கு வேண்டியவை

பாசியும் ஒரு பயிர்தான். நெல்லுக்கு வேண்டியவை அதற்கும் வேண்டும். வெயில், தண்ணீர், கரியமில வாயு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, இரும்பு முதலிய நுண்சத்துக்கள் ஆகியவை முக்கியம். ஒரு கிலோ உலர்ந்த பாசி உண்டாக ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு தேவை. காற்றில் உள்ள கரியமில வாயு தண்ணீரில் மெதுவாகத்தான் கரைகிறது. எனவே பாசி வேகமாக வளரும் குட்டையில் பகலில் இந்த வாயுவுக்குப் பஞ்சம் ஏற்பட்டு விடுகிறது.

பாக்டீரியாவின் முதல் உதவி இங்கேதான். சாணம், மக்கிய இலை, கழிவு நீர் ஆகியவற்றில் உள்ள அங்ககப் பொருளைப் பாக்டீரியா சிதைக்கும்போது கரியமில வாயு தண்ணீருக்குள்ளேயே வெளிவருகிறது. அத்துடன் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறுகின்றன. பாசி அவற்றை எடுத்துக்கொண்டு வெயிலில் பிராண வாயுவை விடுகிறது. அந்தப் பிராண வாயுவைக் கொண்டு பாக்டீரியா மேலும் சிதைக்கிறது. ஒன்றின் கழிவு மற்றதற்கு உணவாகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களில் இந்தக் கூட்டு வேலையைச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திக் காட்டினார். ஏறக்குறைய ஒரு அடி ஆழமுள்ள நீண்ட வாய்க்கால் போன்ற குட்டையில் தண்ணீரைத் துடுப்புச் சக்கரம் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருக்கும். பிராண வாயுவை இயந்திரம் வைத்து ஊத வேண்டிய அவசியம் குறைந்தது. பாசியே அதைக் கொடுத்தது. இன்றும் பெரும்பாலான பாசிப் பண்ணைகள் இதே அமைப்பில்தான் உள்ளன.

உயிர்ச்சத்தும் இரும்பும்

பாக்டீரியாவின் இரண்டாவது உதவி உயிர்ச்சத்து. பி-12 என்ற உயிர்ச்சத்தைச் செடியோ பாசியோ தயாரிப்பதில்லை. பாக்டீரியாவும் அதையொத்த நுண்ணுயிர்களும்தான் தயாரிக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 326 பாசி இனங்களைப் பற்றிய தகவல்களைப் பார்த்தனர். அவற்றில் 171 இனங்களுக்கு பி-12 வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும் என்று தெரிந்தது. அதாவது பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரு சத்துக்காகப் பிறரை நம்பி வாழ்கின்றன.

அதே பல்கலைக்கழகத்தினர் 2012-ல் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். லோபோமோனஸ் என்ற பாசியை, பயறு வகை வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா இனம் ஒன்றுடன் சேர்த்து வளர்த்தனர். தண்ணீரில் உயிர்ச்சத்தும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பாக்டீரியா பி-12 கொடுத்தது. பாசி தான் தயாரித்த உணவில் ஒரு பகுதியைப் பாக்டீரியாவுக்கு விட்டது. இரண்டும் நீண்ட நாள் பிழைத்தன. உளுந்தின் வேரில் நடக்கும் பண்டமாற்று இங்கே தண்ணீரிலும் நடந்தது.

மூன்றாவது உதவி இரும்புச் சத்து. தண்ணீரில் இரும்பு இருந்தாலும் அது துருவாகிப் படிந்து விடுவதால் பாசிக்குக் கிடைப்பதில்லை. சில கடல் பாக்டீரியாக்கள் ஒருவகைப் பொருளைச் சுரந்து இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கின்றன. அருகில் உள்ள பாசியும் அந்த இரும்பால் பயன் அடைகிறது.

அசோஸ்பைரில்லமும் குளோரெல்லாவும்

நெல், சோளம், கம்பு, கரும்பு ஆகியவற்றுக்கு அசோஸ்பைரில்லம் இட்டால் வேர் நன்கு ஓடும் என்பது விவசாயிகள் அறிந்ததே. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பதோடு, இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியையும் அது சுரக்கிறது. வேர் பெருகுவதற்கு இந்த ஊக்கி ஒரு முக்கியக் காரணம்.

வேர் இல்லாத பாசிக்கு இது பயன்படுமா? மெக்சிகோ நாட்டில் லா பாஸ் நகரில் உள்ள ஆராய்ச்சி மையத்தில் யோவாவ் பஷானும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தனர். கடல் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கோந்தில் சிறு மணிகளைச் செய்து, அதற்குள் குளோரெல்லாவையும் அசோஸ்பைரில்லத்தையும் ஒன்றாக அடைத்தனர். மற்ற மணிகளில் குளோரெல்லாவை மட்டும் அடைத்தனர். 2000-ல் வெளியான முடிவின்படி, கூட்டாக அடைத்த மணிகளில் பாசியின் எண்ணிக்கையும் எடையும் பச்சையமும் கூடின. 2002-ல் வெளியான ஆய்வில் பாசியின் கொழுப்புச் சத்தும் கூடியது தெரிந்தது. கழிவு நீரிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எடுக்கும் திறனும் தனிப் பாசியைவிடக் கூட்டுக்கு அதிகமாக இருந்தது.

காரணம் என்ன என்றும் அவர்கள் தேடினர். வளர்ச்சி ஊக்கியைக் குறைவாகச் சுரக்கும்படி மாறிய அசோஸ்பைரில்லத்தைச் சேர்த்தபோது பாசியின் வளர்ச்சி அந்த அளவு கூடவில்லை. அந்த ஊக்கியைத் தனியாகக் கொடுத்தபோது வளர்ச்சி திரும்பியது. ஆகவே வேரை ஓட வைக்கும் அதே பொருள்தான் பாசியையும் பெருக வைக்கிறது என்று தெளிவாயிற்று.

இந்தச் சோதனைகள் ஆய்வுக்கூடத்தில் நடந்தவை. அசோஸ்பைரில்லம் பொட்டலத்தைக் குளத்தில் கொட்டினால் எண்ணெய் பெருகும் என்று எண்ணிவிடக் கூடாது. திறந்த குட்டையில் வேறு பாக்டீரியாக்களும் புழுக்களும் ஏராளம். புதிதாக விட்ட பாக்டீரியா அவற்றின் நடுவே நிலைப்பது கடினம். மணிக்குள் அடைத்ததன் நோக்கமே அவற்றைப் பிரியாமல் காப்பதுதான்.

வளர்ச்சியா, எண்ணெயா?

நெல்லுக்கு யூரியா மிகுந்தால் பயிர் கருகருவென்று தழைக்கும், மணி குறையும். பாசியும் அப்படியே. தழைச்சத்து தாராளமாக இருந்தால் அது பிளந்து பிளந்து பெருகும். எண்ணெய் குறைவாகவே சேரும். தழைச்சத்தை நிறுத்தினால் பெருகுவது நின்று, பிடித்த வெயிலை எண்ணெயாகச் சேமிக்கத் தொடங்கும். ஆனால் அப்போது மொத்த விளைச்சல் குறைந்து போகும். எண்ணெய் சதவிகிதம் அதிகம் என்பதாலேயே ஏக்கருக்கு எண்ணெய் அதிகம் என்று ஆகாது. வளர்ச்சியும் கெடாமல் எண்ணெயும் சேர வழி உண்டா என்று தேடுவதே பாக்டீரியா ஆராய்ச்சியின் முக்கிய நோக்கம்.

அறுவடையிலும் பாக்டீரியா உதவக்கூடும். நுண்பாசி தனித்தனியாக மிதப்பதால் சாதாரணத் துணியில் வடிகட்ட முடியாது. சில பாக்டீரியாக்கள் சுரக்கும் பிசின் பாசியைத் திரள் திரளாக ஒட்ட வைக்கிறது. திரண்டது தானே அடியில் படியும். மருந்து போட்டோ இயந்திரத்தில் சுற்றியோ பிரிக்கும் செலவு அந்த அளவு மிச்சமாகும்.

கெடுக்கும் பாக்டீரியா

நன்மை செய்பவை உள்ள இடத்தில் தீமை செய்பவையும் உண்டு. வாம்பிரோவிப்ரியோ என்ற பாக்டீரியா குளோரெல்லாவின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதை உறிஞ்சிக் குடித்து விடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் திறந்த வெளியில் வளர்த்த பாசியை இது அழித்தது பதிவாகியுள்ளது. பச்சையாக இருந்த தண்ணீர் சில நாட்களில் வெளுத்துப் போகும்.

நண்பனே பகைவனாவதும் உண்டு. கடலில் வாழும் ஒரு பாக்டீரியா, பாசி இளமையாக இருக்கும்வரை அதற்கு வளர்ச்சி ஊக்கி கொடுக்கிறது. பாசி முதிர்ந்து சிதையும்போது வெளிவரும் பொருளை உணர்ந்ததும், விஷத்தைச் சுரந்து அதைக் கொன்று விடுகிறது. இது 2011-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆகவே ஒரு பாக்டீரியா நல்லதா கெட்டதா என்பது பாசியின் வயதையும் பொறுத்தது.

ஒரு ஏக்கர் கணக்கு

ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழத்துக்குப் பாசிக் குட்டை வெட்டினால் சுமார் 12 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். நன்றாகப் பராமரித்த குட்டையில் சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 15 கிராம் உலர்ந்த பாசி விளைவதாக வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 60 கிலோ ஆகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 12 கிலோ. கேட்பதற்கு இனிப்பாக இருக்கும் கணக்கு இது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் அளவே பாசி இருந்தால், 60 கிலோ எடுக்க நாள்தோறும் 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டரை வடித்தாக வேண்டும்.

இரண்டாவது, பாசியின் உலர்ந்த எடையில் 7 முதல் 8 சதம் வரை தழைச்சத்து இருக்கும். 60 கிலோவுக்கு நாலரை கிலோ தழைச்சத்து வேண்டும். யூரியாவாகக் கொடுத்தால் நாளைக்குப் பத்துக் கிலோ. நாலைந்து நாளைக்கு ஒரு மூட்டை தீர்ந்து போகும்.

மூன்றாவது, தினமும் 100 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வேண்டும்.

நான்காவது, வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லி மீட்டர் ஆவியானாலே 24,000 லிட்டர் தண்ணீரை ஈடு செய்ய வேண்டும்.

இந்தச் செலவுகளைப் பார்த்தால் பாக்டீரியாவின் பெருமை விளங்கும். உரத்தையும் கரியமில வாயுவையும் விலை கொடுத்து வாங்காமல், கழிவிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டு பெற்றால்தான் கணக்கு சற்றேனும் நிமிரும். எனவேதான் ஊர்க் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் இடத்தோடு பாசி வளர்ப்பைச் சேர்ப்பது நல்லது என்று பல விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசி எண்ணெய்க்காகவே ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தியது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் என்ற ஊரில் 1,000 சதுர மீட்டர் குட்டைகளில் பாசி வளர்த்துப் பார்த்தனர். ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்து விட்ட உயர்ந்த இனத்தைத் திறந்த குட்டையில் உள்ளூர்ப் பாசி வென்று விடுவது அங்கே தெரிந்தது. வயலில் களை பயிரை அமுக்குவது போலத்தான் இதுவும். எண்ணெய் எடுக்க முடியும், ஆனால் பெட்ரோலிய டீசலின் விலைக்குக் கட்டாது என்பதே முடிவு. எக்ஸான்மொபில் என்ற பெரிய எண்ணெய் நிறுவனமும் 2009-ல் பாசி எண்ணெய் ஆராய்ச்சிக்குப் பணம் போடத் தொடங்கி, 2023-ல் அதிலிருந்து விலகிக்கொண்டது.

நமது நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. மத்திய திட்டக் குழு அமைத்த குழு 2003-ல் காட்டாமணக்கை டீசல் பயிராகப் பரிந்துரை செய்தது. 2009-ல் வந்த தேசியக் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதம் உயிர் எண்ணெய் கலக்க இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. தரிசில் தண்ணீரில்லாமல் காய்க்கும் என்று நம்பி நட்ட இடங்களில் எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. செடியின் குணமும் சந்தையும் தெரியுமுன் நிலத்தை ஒப்படைத்ததே காரணம்.

ஆகவே பாசி எண்ணெய்க்குக் குட்டை வெட்டித் தருமாறு எவரேனும் கேட்டால், விவசாயிகள் சில கேள்விகளைக் கேட்டறிய வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும்? உரச் செலவு யாருடையது? பாசியை வடித்துப் பிரிப்பது யார்? நோய் வந்து ஒரே வாரத்தில் குட்டை வெளுத்தால் நஷ்டம் யாருக்கு? வாங்குவதாகச் சொல்லும் விலை எழுத்தில் உண்டா? இவற்றுக்குப் பதில் கிடைக்காமல் கடன் வாங்குவதோ, நஞ்சை நிலத்தைத் தோண்டுவதோ கூடாது.

இப்போதே கைகொடுக்கும் பயன்

பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலையை எண்ணெய்க்காகக் காத்திராமல் மீன் குளத்தில் இன்றே பயன்படுத்தலாம். கட்லா, ரோகு, வெள்ளிக் கெண்டை ஆகியவை வளரும் குளத்தில் சாணத்தையோ சாண எரிவாயுக் கலனின் கழிவையோ இடுகிறோம். பாக்டீரியா அதைச் சிதைக்க, பாசி வளர்கிறது. பாசியையும் அதைத் தின்னும் சிற்றுயிர்களையும் மீன் தின்கிறது.

பகலில் பாசி பிராண வாயு கொடுக்கும். இரவிலோ பாசி, பாக்டீரியா, மீன் மூன்றும் அதைச் செலவழிக்கும். ஆகவே விடியற்காலையில்தான் பிராண வாயு மிகக் குறைவாக இருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் சாணம் இடுவதையும் தீவனத்தையும் உடனே நிறுத்த வேண்டும். புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இயலாவிட்டால் பம்பு வைத்துக் குளத்து நீரையே மேலே இறைத்துக் கொட்டலாம். வானம் மூடியிருக்கும் நாட்களில் சாணம் இடக்கூடாது. வெயில் இல்லாமல் பாசி பிராண வாயு கொடுக்காது, பாக்டீரியா மட்டும் செலவழித்துக் கொண்டிருக்கும்.

அளவு அறிய எளிய வழி உண்டு. கையை நேராகக் குளத்துக்குள் விட்டு உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி அளவாக உள்ளது. மணிக்கட்டு நனைவதற்குள் மறைந்தால் பாசி மிகுதி, எரு இடக்கூடாது. முழங்கைக்கு மேல் நனைந்தும் தெரிந்தால் எரு இடலாம். சேறு கலங்கிய தண்ணீரில் இந்தச் சோதனை பயன்படாது. பச்சை வண்ணம் கரைத்து ஊற்றியது போல் ஏடு படர்ந்த தண்ணீரை மாடுகள் குடிக்க விடக்கூடாது. அதில் நச்சுள்ள நீலப்பச்சைப் பாசி இருக்கக்கூடும்.

வயலிலும் அசோஸ்பைரில்லத்தை முறையாகப் பயன்படுத்த வேண்டும். நெல் நடவு வயலுக்கு எக்டேருக்கு 2 கிலோ, அதாவது 200 கிராம் பொட்டலம் பத்து, 25 கிலோ மக்கிய தொழு உரத்துடனும் 25 கிலோ மண்ணுடனும் கலந்து நடவுக்கு முன் தூவலாம். ரசாயன உரத்துடனோ பூச்சி மருந்துடனோ கலக்கக் கூடாது. பொட்டலத்தை வெயில் படாமல் நிழலில் வைத்து, அதில் அச்சிட்ட கெடு தேதிக்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலத்தில் இருப்பது உயிர்; சூடு பட்டால் இறந்து விடும், பிறகு வெறும் பொடிதான் மிஞ்சும்.

பாசியில் எண்ணெய் எடுக்கும் நாள் வரலாம். அதுவரை, சாணத்தையும் வெயிலையும் இலவசமாக மீனாகவும் நெல்லாகவும் மாற்றித் தரும் இந்த நுண்ணுயிர்களைக் காப்பதே சிறு விவசாயிக்கு நிச்சயமான லாபம்.